நைட்ரேட் ஏறும் வீடு

கடல் மேடை, மார்ச் 4

கண்ணாடிக்காரிக்கு,

சாமான் படகு நாளைக் காலையில் கிளம்புகிறது. கடிதப் பையைச் சமையல்காரர் இப்போதே கட்ட ஆரம்பித்துவிட்டார், அதனால் அவசரமாக எழுதுகிறேன். ரேடியோ ரூம் போனில் பேசலாம்தான். ஆனால் முதுகுக்குப் பின்னால் வரிசை நிற்கும். "சாப்பிட்டியா, தூங்கினியா" என்பதற்கு மேல் வாயில் எதுவும் வராது. கைபேசியையோ, எண்ணெயும் காஸும் எடுக்கும் இடம் என்று கரையிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஆக நமக்குக் காகிதம்தான் கதி.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் நான் வர முடியாது. ஆள் பற்றாக்குறையாம், இன்னொரு சுற்று இருந்துவிட்டுத்தான் கரைக்குப் போக வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். என் கையில் ஒன்றும் இல்லை. கோபப்படாதே.

அடுத்தது மீன் தொட்டி. போன கடிதத்தில் நைட்ரேட் இருபது என்று எழுதியிருக்கிறாய். நான் கிளம்பும்போது ஐந்து. சோதனைக் குழாயை நீ சரியாகக் குலுக்கவில்லையோ என்று தோன்றுகிறது. மறுபடி ஒருமுறை பார். தொட்டித் தண்ணீரைக் கோடு வரைக்கும் எடு, பொடியைப் போடு, கை வலிக்கக் குலுக்கு, பொறுமையாக இரு, பிறகு வண்ண அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார். வெளிர் ரோஜா என்றால் பயமில்லை. பீட்ரூட் நிறத்துக்குப் போனால் எனக்கு உடனே எழுது.

உனக்கு இது சலிப்பாக இருக்கும், தெரியும். இருந்தாலும் கேள். மீன் கழிப்பதும், தின்னாமல் விட்டதும் அழுகிக் கடைசியில் நைட்ரேட்டாக நிற்கிறது. தண்ணீர் ஆவியாகும், அது ஆகாது. தானாகவும் போகாது. வாரத்துக்கு ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, உப்புக் கலந்த புதுத் தண்ணீர் விட வேண்டும். ஆவியாகிக் குறைந்ததற்கு மட்டும் உப்பில்லாத சுத்தத் தண்ணீர். சாப்பாடு சாயங்காலம் ஒரு சிட்டிகை, அதோடு சரி.

பெரியம்மா எப்படி இருக்கிறாள்? நைட்ரேட் நாற்பதைத் தாண்டினால் அவள் குடியிருக்கும் அனிமோன் சுருங்க ஆரம்பிக்கும். பூ மாதிரி விரிந்திருக்கும் அது சுருங்கிவிட்டால் அவள் சாப்பாட்டைத் தொட மாட்டாள். ஒரு கோமாளி மீனுக்கு இவ்வளவு அலட்டலா என்று நீ சிரிப்பாய். அம்மா இறந்த வருஷம் வாங்கியவள் அவள். அவளை மட்டும் விட்டுவிடாதே.

உன் கடல்காரன்


வீடு, மார்ச் 9

கடல்காரருக்கு,

"கோபப்படாதே" என்று நீங்களே முன்கூட்டி எழுதிவிட்டால் நான் எங்கே போய்க் கோபப்படுவது? இன்னொரு சுற்று என்றால் இன்னொரு சுற்று. உங்கள் மேலிடத்துக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நாள் முழுக்கக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து கால் புள்ளி வித்தியாசம் பார்த்து லென்ஸ் பொருத்துகிறவளுக்கு ஒரு குழாயைக் குலுக்கத் தெரியாது என்று நினைக்கிறீர்கள். குலுக்கினேன். பக்கத்து வீட்டில் கேட்டிருக்கும், அப்படிக் குலுக்கினேன். இப்போது முப்பது. ரோஜாவும் இல்லை பீட்ரூட்டும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம்.

தண்ணீர் மாற்றினேன். அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரின் கிண்ணத்தைக் கழுவினேன். அதில் சேர்ந்திருந்த நுரை கறுப்பாக, கெட்டியாக இருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கழுவினேன். தினமும் ஒரு கேன் சுத்தத் தண்ணீர் ஊற்றிவிடுகிறேன். பெரியம்மா நன்றாகத்தான் இருக்கிறாள். இப்போதெல்லாம் பதினொரு மணி ஆனால் போதும், இடது மூலைக்கு வந்து கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவள் வீட்டுக்காரர் வழக்கம்போல அவள் பின்னாலேயே. சில வீடுகளில் அப்படியும் புருஷன்மார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் அக்கா போன வாரம் வந்திருந்தார்கள். ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். உங்கள் அப்பாவைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் எழுத வேண்டும். எழுதலாமா என்று கேட்கிறேன், அவ்வளவுதான். நீங்கள் எழுது என்றால் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்காரி


கடல் மேடை, மார்ச் 13

கண்ணாடிக்காரிக்கு,

அந்தப் பேச்சு வேண்டாம். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பாத மனிதர் அவர். நான் கரை இறங்கியபோது எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். நம் வாசலை அவர் மிதிக்கக் கூடாது என்று அன்றைக்குச் சொன்னது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அக்கா வந்தால் வரட்டும், அவருடைய தூதாக வர வேண்டாம்.

இப்போது தொட்டிக்கு வருகிறேன். உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எதுவோ இடிக்கிறது.

நீ காலையில் வீட்டைப் பூட்டினால் சாயங்காலம்தான் திறக்கிறாய். ஜன்னல் சாத்தியிருக்கும், மின்விசிறி ஓடாது. அப்படிப் பூட்டிக் கிடக்கும் வீட்டில் நாளுக்கு அரைக் கேன் தண்ணீர்தான் ஆவியாகும். இத்தனை வருஷமாக ஊற்றியவன் நான், எனக்குத் தெரியும். நீ ஒரு கேன் ஊற்றுகிறாய். பகலெல்லாம் ஜன்னல் திறந்து, விசிறி ஓடினால்தான் இந்தக் கணக்கு வரும்.

ஸ்கிம்மரில் கறுப்பு நுரை என்கிறாய். ஒரு சிட்டிகை சாப்பாட்டுக்கு அப்படி வராது. யாரோ அள்ளிப் போட்டால்தான் வரும்.

கடைசியாக ஒன்று. பெரியம்மா பதினொரு மணிக்கு இடது மூலைக்கு வருகிறாள் என்று எழுதியிருக்கிறாய். பதினொரு மணிக்கு நீ கடையில் இருப்பாய். அதைப் பார்த்தது யார்?

நான் மீட்டர் பார்த்துப் பிழைக்கிறவன். எண் தவறாக வந்தால் முதலில் மீட்டரைச் சந்தேகப்படுவேன், அது சரியாக இருந்தால் குழாயைச் சந்தேகப்படுவேன். உன்னைச் சந்தேகப்படுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. தொட்டியை ஒரு போட்டோ எடுத்து அச்சுப் போட்டு அனுப்பு, முழுத் தொட்டியும் தெரியும்படி.

கடல்காரன்


வீடு, மார்ச் 19

உங்களுக்கு,

பதினொரு மணிக்குப் பார்த்தது நான்தான். ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் வீடு உண்டு, கண்ணும் உண்டு. விசிறியை நிறுத்தாமல் கடைக்குப் போய்விடுகிறேன், வெயில் காலத்தில் தொட்டி சூடாகக் கூடாது என்று நீங்கள்தானே எப்போதோ சொன்னீர்கள். போதுமா, குறுக்கு விசாரணை இன்னும் இருக்கிறதா?

போட்டோ வைத்திருக்கிறேன். நைட்ரேட் ஐம்பது. அனிமோன் இரண்டு நாளாகப் பாதிதான் விரிகிறது. வெள்ளை மணலில் பழுப்புப் பாசி படிந்திருக்கிறது, சுரண்டி எடுத்தேன். வாரம் ஒருமுறை என்றது போய் இப்போது இரண்டு முறை தண்ணீர் மாற்றுகிறேன். முதுகு விட்டுப்போகிறது. இறங்கினால் மறுபடி ஏறிக்கொள்கிறது. ஏன் ஏறுகிறது என்று எனக்கும் தெரியாமல் இல்லை, ஆனால் அதை இப்போது எழுத வரவில்லை.

உங்களுக்கும் ஒரு எண் இடிக்கிறது என்றால் எனக்கும் ஒன்று இடிக்கிறது. உங்கள் கிரேன்காரர் லீவில் வந்திருக்கிறாராம். அவர் மனைவி படிக்கும் கண்ணாடி வாங்கக் கடைக்கு வந்தார். உங்களைப் பற்றி விசாரித்தேன். "ஆள் பத்தலைன்னா எங்க வீட்டுக்காரரை எப்படி விடுவாங்க? உங்க வீட்டுக்காரரு தானாவே போயி பேரு குடுத்தாராம், ரெண்டு சுத்து டபுளா இருக்கேன்னு. சம்பளத்துக்குத்தான் இருக்கும்னு எங்க ஆளு சொன்னாரு" என்றார். நான் சிரித்துக்கொண்டே அவர் மூக்குக்கு ஃபிரேமைச் சரிசெய்தேன்.

சம்பளத்துக்காக நீங்கள் ஒரு நாள் கூடுதலாக இருக்கிற ஆள் இல்லை. படகு வரும் நாளுக்குப் பையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர். வீட்டுக்கு வராமல் இருப்பதற்கு உங்களுக்கு என்ன காரணம் இருக்கிறது? நான் கேட்பதற்குப் பதில் எழுதுங்கள், தண்ணீர்க் கணக்கு அப்புறம்.


கடல் மேடை, மார்ச் 24

போட்டோ வந்தது.

தொட்டியைத்தான் முதலில் பார்த்தேன். நீ சொன்னது சரி, அனிமோன் கூசிப்போய் உட்கார்ந்திருக்கிறது. பெரியம்மா மெலிந்திருக்கிறாள். பிறகு இடது பக்கத்துக் கண்ணாடியில் எதிரொளிப்பு தெரிந்தது. ஒரு நாற்காலி. நம் வீட்டில் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போடுவதில்லை. நாற்காலி முதுகில் ஒரு சட்டை தொங்குகிறது. கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை. நான் கட்டம் போட்ட சட்டை போடுவதில்லை என்பது உனக்கே தெரியும்.

என் கண் என்னை ஏமாற்றுகிறதோ என்று போட்டோவைச் சமையல்காரரிடம் காட்டி, இது என்ன என்று கேட்டேன். "சட்டைதான் தம்பி. நல்ல சட்டை, எங்க வாங்கினீங்க?" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாப்பிடாமல் மேலே போய்விட்டேன்.

ஆக, பகலெல்லாம் ஜன்னல் திறந்திருக்கிறது. விசிறி ஓடுகிறது. பதினொரு மணிக்கு யாரோ இடது மூலையில் உட்கார்ந்து மீனுக்கு அள்ளிப் போடுகிறான், மீனும் அவனுக்குப் பழகிவிட்டது. நீ ஞாயிற்றுக்கிழமை என்கிறாய், ஏன் ஏறுகிறது என்று தெரியும் ஆனால் எழுத வரவில்லை என்கிறாய். அப்புறம் நான் ஏன் வரவில்லை என்று என்னைக் கேட்கிறாய். நல்ல கேள்வி. நான் வராமல் இருப்பது உனக்குத் தோதாகத்தானே இருக்கிறது?

இத்தனை வருஷத்தில் உனக்கு இப்படி ஒரு வரி எழுதுவேன் என்று நினைத்ததில்லை. அந்தச் சட்டை யாருடையது?


வீடு, மார்ச் 29

சட்டைக்காரர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். அந்தச் சட்டையை வாங்கியவள் நான். அதில் பொத்தான் கிடையாது, அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பட்டி தைத்திருக்கிறது. ஒரு கை வராதவர் போட்டுக்கொள்வதற்காக வாங்கினேன். உங்கள் அப்பா.

நீங்கள் கிளம்பிய மறுவாரம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறுகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போது அக்கா வீட்டுக்குத்தான் போவதாக இருந்தது. அக்கா வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, நான்கு பேர் தூக்கியும் முதல் திருப்பத்திலேயே நின்றுவிட்டார்கள். நம் வீடு தரைத்தளம். நான் யாரையும் கேட்கவில்லை. ஆட்டோவை நம் வாசலுக்குத் திருப்பச் சொன்னேன். பகலில் ஒரு நர்ஸம்மா வருகிறார், பதினொரு மணிக் கதை அவர் சொன்னது. அதை வாய் தவறி உங்களுக்கு எழுதிவிட்டேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை என்று பொய் சொன்னேன்.

அள்ளிப் போடுவதும் அவர்தான். கைக்குப் பயிற்சி என்று ரப்பர் உருண்டையைக் கொடுத்தார்கள், தூக்கி எறிந்தார். ஒரு நாள் நான் இறால் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு துண்டை எடுக்கப் பார்த்தார். விரல் மடங்கவில்லை. ஆயுசு முழுக்க அச்சகத்தில் காகிதம் வெட்டியவர், மயிரிழை பிசகாமல் வெட்டியவர், ஒரு இறால் துண்டை எடுக்க முடியாமல் வியர்த்துப்போனார். ஆனால் விடவில்லை. எடுத்தார், தொட்டிக்குள் விட்டார், பெரியம்மா வந்து கவ்வினாள். அன்றிலிருந்து காலை முழுக்க இதுதான் வேலை. பாதி மீன் வாய்க்கும், பாதி கல்லிடுக்குக்கும் போகிறது. உங்கள் நைட்ரேட் அங்கிருந்துதான் வருகிறது.

இதையெல்லாம் உங்களிடம் மறைத்தேன். ஆமாம். ஆனால் மறைத்தவள் நான் மட்டுமா?

அக்கா வந்த அன்று, "அவனுக்கு அன்னைக்கே ஆபீஸ் வழியா செய்தி அனுப்பிட்டேனே. கிடைச்சுதுன்னு கையெழுத்தே வந்துச்சே. உங்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் எழுதலாமா என்று உங்களைக் கேட்டேன். ஒரு வரி, "அவர் எப்படி இருக்கிறார்" என்று ஒரே ஒரு வரி வரும் என்று காத்திருந்தேன். அந்தப் பேச்சு வேண்டாம் என்று எழுதினீர்கள். அப்பா விழுந்தது தெரிந்த பிறகுதானே போய் டபுளுக்குப் பெயர் கொடுத்தீர்கள்? தெரிந்தே ஒளிந்துகொண்டு, அங்கிருந்து என் தண்ணீர்க் கேனை எண்ணிக்கொண்டிருந்தீர்கள்.

சட்டையைப் பற்றி நீங்கள் எழுதியதை ஒருமுறைதான் படித்தேன். மறுபடி படிக்க மாட்டேன்.


கடல் மேடை, ஏப்ரல் 3

நீ எழுதியதில் மறுக்க எதுவும் இல்லை. அக்காவின் செய்தி வந்தது. படித்துவிட்டுக் கிழித்துக் கடலில் போட்டேன். அன்றைக்கே போய்ப் பெயர் கொடுத்தேன்.

ஆனால் நீயும் ஒன்று யோசித்துப் பார். அம்மா விஷயத்தில் அவர் செய்ததுதானே இது? "அவன் வேலையில இருக்கான், சொல்லி என்ன ஆகப்போகுது" என்று அவர் முடிவு செய்தார். என் வீட்டில், என் தொட்டிக்கு முன்னால், என்னைக் கேட்காமல் நீ முடிவு செய்தாய். எனக்கு நடப்பதெல்லாம் எனக்குக் கடைசியில்தான் தெரிய வேண்டுமா?

ஏன் ஓடினேன் என்று கேட்டாய். அவர் நிமிர்ந்து நின்றவரைக்கும் எனக்கு அவரோடு சண்டை இருந்தது. படுக்கையில் விழுந்த மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது? வந்தால் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டும், தூக்கி உட்கார வைக்க வேண்டும், எல்லோரும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். அம்மாவுக்காக என்னிடம் மிச்சம் இருப்பது இந்தக் கோபம் ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டால் அவளுக்கு என்று நான் எதைச் செய்தேன்?

அவரை வெளியே அனுப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தொட்டியை மட்டும் தொட விடாதே. இறாலை நிறுத்து. ஒரு துண்டு கூட வேண்டாம். பெரியம்மாவாவது எனக்கு மிஞ்சட்டும்.


வீடு, ஏப்ரல் 8

நீங்கள் சொன்னபடி இறாலை நிறுத்திவிட்டேன். இனி எதையும் மறைக்க மாட்டேன், அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நைட்ரேட் எழுபத்தைந்து வரை போயிருந்தது. கல்லிடுக்கில் அழுகிக் கிடந்ததையெல்லாம் குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தேன். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். இப்போது நாற்பது. அனிமோன் விரிகிறது. பெரியம்மா அதற்குள் போய்ப் படுத்துக்கொள்கிறாள், நேற்றுச் சாயங்காலம் சிட்டிகையைப் பாய்ந்து வந்து தின்றாள். உங்களுக்கு மிஞ்சிவிட்டாள்.

மாமாவின் விரல் மறுபடி மடங்காமல் போய்விட்டது. கட்டை விரலும் சுட்டு விரலும் தொடும் அளவுக்கு வந்திருந்தது, இப்போது இல்லை. ரப்பர் உருண்டையை நர்ஸம்மா கையில் வைத்தால் அப்படியே கீழே விடுகிறார். காலையில் நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் போடச் சொல்வதில்லை. பெரியம்மா மட்டும் பதினொரு மணிக்கு அந்த மூலைக்கு வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறாள்.

முந்தாநாள், "அவனுக்கு... தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "தொட்டியத் தொட வேணாம்னானா?" என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். எனக்குப் பொய் சொல்லி அலுத்துவிட்டது. அப்புறம் மெல்ல மெல்லச் சொன்னார். வார்த்தைக்கு வார்த்தை நின்று சொன்னார், நான் சேர்த்து எழுதுகிறேன்: "அந்த வாரம் கடல் சரியில்ல. படகு விட மாட்டோம்னுதான் சொல்லிட்டிருந்தாங்க. சொன்னா அவன் நிக்க மாட்டான், எதுலயாவது ஏறிடுவான். ஒருத்தி போயிட்டிருக்கா, இவனும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு பயந்தேன். ஆனா அவகிட்ட கடைசியா ஒரு தடவ போன்லயாச்சும் பேச விட்டிருக்கணும். விட்டிருக்கணும்."

இதை ஏன் உங்களிடமே சொல்லவில்லை என்று கேட்டேன். "அவன் கேக்கவே இல்லியே" என்றார். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் அதில் மட்டும் ஒற்றுமை.

மீன் பக்கமும் எழுதிவிட்டேன், விரல் பக்கமும் எழுதிவிட்டேன். இரண்டில் எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள், இந்த முறை உங்களைக் கேட்டுத்தான் செய்வேன். என்னைச் சந்தேகப்பட்டு நீங்கள் எழுதிய அந்தச் சட்டை வரியைப் பற்றி மட்டும் இதுவரை உங்களிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.


கடல் மேடை, ஏப்ரல் 13

கண்ணாடிக்காரிக்கு,

உன்னைச் சந்தேகப்பட்டேன். எழுதியும் அனுப்பினேன். எனக்குத் தெரிந்ததை உன்னிடம் மறைத்து வைத்திருந்தவன் நான், அதனால் நீயும் எதையோ மறைப்பதாகத்தான் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. மன்னித்துவிடு என்று எழுதினால் அது சின்ன வார்த்தையாகத் தெரிகிறது, ஆனால் வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. நேரில் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

அந்த வாரம் கடல் எப்படி இருந்தது என்று இங்கே பழைய ஆட்களைக் கேட்டேன். எனக்கும் நினைவு இருக்கிறது, மூன்று படகுகள் திரும்பிப் போயின. அவர் சொன்னது சரி. சொல்லியிருந்தால் நான் எதிலாவது ஏறியிருப்பேன். அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது. ஆனாலும் இரண்டு நாளாக எனக்கு அவர் பயந்தார் என்பதே திரும்பத் திரும்ப வருகிறது. அவர் பயப்படுவார் என்று நான் நினைத்ததே இல்லை.

இனி இறால் விஷயம். நிறுத்த வேண்டாம். நான் சொல்கிறபடி செய், விரலும் கெடாது, தண்ணீரும் கெடாது. இறாலை நறுக்கியதும் வடிகட்டியில் போட்டுச் சுத்தத் தண்ணீரில் நன்றாக அலசு, பாதி அழுக்கு அந்தச் சாற்றில்தான் இருக்கிறது. துண்டு உளுந்து அளவுக்கு மேல் வேண்டாம்; சின்னதாக இருந்தால் எடுப்பது அவருக்கும் கஷ்டம், அதுதான் நமக்கு வேண்டும். சாயங்காலச் சிட்டிகையை நிறுத்திவிடு, அவர் போடுவதே அன்றைய சாப்பாடு. என் கருவிப் பெட்டியில் நீளமான இடுக்கி ஒன்று இருக்கிறது. கல்லிடுக்கில் விழுந்ததை அதை வைத்து எடுக்கச் சொல், அவரே எடுக்கட்டும். போடுவதை விட எடுப்பதில்தான் விரலுக்கு வேலை அதிகம். மீன் கடையில் கேட்டால் ஒரு கொத்துக் கடல் பாசி தருவார்கள். அதை, பெரிய தொட்டித் தண்ணீர் வடிந்து வரும் கீழ்த்தொட்டியில் போட்டு மேலே ஒரு விளக்கைக் கட்டு. அது நைட்ரேட்டைத் தின்று வளரும், வளர்ந்ததைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே இரு. கிள்ளுவதும் அவர் வேலை. நைட்ரேட் பத்துக்கு இறங்க மாதம் ஆகும். ஆகட்டும்.

என் பெயரை டபுள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். நாளைப் படகில் இந்தக் கடிதம் வருகிறது, அடுத்த படகில் நான் வருகிறேன். அவர் முன்னால் வந்து நின்றால் என்ன பேசுவேன் என்று தெரியவில்லை. அம்மாவின் கடைசி வாரத்தைப் பற்றிக் கேட்பேன், அவள் என்னைக் கேட்டாளா என்று கேட்பேன். அது மட்டும் தெரிகிறது.

இதற்கு மேல் ஒரு வரி அடித்திருப்பதைப் பார்ப்பாய். என்ன அது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. நான் வருவதை அவரிடம் சொல்லாதே என்று எழுதியிருந்தேன். எழுதிவிட்டுப் பார்த்தேன், எனக்கே தாங்கவில்லை. சொல்லிவிடு. இதைப் படித்த கையோடு போய்ச் சொல்லிவிடு.

உன் கடல்காரன்